மரத்த விரலுக்கு ஒரு தூண்டில்

எங்கள் வீட்டில் இரண்டேகால் அடி நீளத்தில் ஒரு தூண்டில் கோல் இருக்கிறது. உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு, அந்தத் துளை வழியாகச் சின்ன மீன் பிடிக்கிறவர்களுக்காகச் செய்த கோல். நாங்கள் இருப்பது ஓமானில், சோஹாரில். இங்கே பனிக்கட்டி கண்ணில் பட வேண்டுமானால் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும் அந்தக் கோலைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதாவது விளையாட்டுச் சாமானா என்று கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கத் தொடங்குவேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "ஆரம்பிச்சுட்டாரு" என்பாள். வந்தவர்கள் பாவம், இரண்டாவது டீ வரும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கோலை நான் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதில் பாதி பொய். உண்மையை எங்காவது எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

நான் இங்கே ஓர் ஆலையில் கருவிப் பிரிவு என்ஜினீயர். இருபது வருடமாக ஒரே வேலை. குழாய்க்குள் என்ன அழுத்தம், தொட்டிக்குள் எவ்வளவு மட்டம், உலைக்குள் எவ்வளவு சூடு என்பதை வெளியே நிற்கிறவனுக்குச் சொல்லும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, கருவி சொல்வதை நம்ப வேண்டும், கருவி பொய் சொன்னால் அதைத் திருத்த வேண்டும். இதையே செய்து செய்து எனக்கு எதையும் கருவிக் கோளாறாகப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. மகள் சின்ன வயதில் காய்ச்சல் என்று அழுதால்கூட நான் முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவேன் என்று என் மனைவி சொல்வாள். மகள் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவளும் அதையே சொல்கிறாள்.

தூண்டிலில் பெரிய ஆள் என் மனைவிதான். இங்கே இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். மத்தியும் சாளையும் ஒரே மீன் என்பதே இங்கே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைத் தடுப்புக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெங்காலி ஒருவர் பேச்சுக்கு அவளிடம் ஒரு தூண்டிலை நீட்டினார். அன்று பிடித்த பித்து. அதற்குப் பிறகு எங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் கடல்தான்.

அவளுக்குக் கோல் கிடையாது, ரீல் கிடையாது. பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிய தங்கூஸ் என்கிற நைலான் நூல், நுனியில் ஓர் ஈயக்குண்டு, இரண்டு முள், இறால் துண்டு. வீசிவிட்டு, தங்கூஸை வலது ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட்டு, மடக்கு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கடலுக்கு அடியில் நடப்பதெல்லாம் அந்த ஒரு விரலுக்கு வந்து சேரும். கிழங்கான் இரண்டு தட்டு தட்டுமாம். ஓரா சத்தமில்லாமல் திருடுமாம். பாரைக்குட்டி வந்தால் கேட்கவே வேண்டாமாம். மீன் தண்ணீருக்கு மேலே வருவதற்கு முன்பே பெயரைச் சொல்லிவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். என் கருவிகளுக்கே அந்த மதிப்பெண் வராது என்று நான் கிண்டல் செய்வேன். கிண்டலுக்குள்ளே பெருமைதான்.

நான் ஃபிளாஸ்க்கில் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஆலையிலிருந்து வரும் வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது காரில் அவளுடைய இடது கை என் வலது கைக்குள் இருக்கும். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், ஆட்டோமேட்டிக் கார், வலது கைக்கு வேறு வேலை இல்லை. ரவுண்டானா வந்தால் எடுப்பேன், தாண்டியதும் திரும்பப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கை முழுக்க இறால் நாற்றம் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பேன்.

பிறகு அவளுக்கு மார்பில் புற்று என்று தெரிந்தது. ஊருக்குப் போய் ஆறு மாதம் சிகிச்சை. தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். நான் லீவு கிடைத்தபோதெல்லாம் ஓடி ஓடிப் போய்வந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, அவளுக்கும் விருப்பமில்லை. நோய் போனது. முடி முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்தது. விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. பத்து விரல் நுனியும் மரத்துப்போய்விட்டன. மருந்தின் வேலை என்றார் டாக்டர். சிலருக்கு ஒரு வருடத்தில் சரியாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும், நம் கையில் இல்லை என்றார்.

சிகிச்சை நடந்த மாதங்களில் கையைத் தொட்டாலே ஊசி குத்துகிறது என்று இழுத்துக்கொள்வாள். நானும் தொடாமல் இருக்கப் பழகினேன். பிறகு அந்த வலி போய், உணர்ச்சியும் சேர்ந்து போனது. இப்போது தொட்டாலும் அவளுக்குத் தெரியாது. தெரியாத கையைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேனோ, அது தெரியவில்லை என்பதைப் பார்க்கத்தான் பயந்தேனோ, காரில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்தேன். லைசென்ஸ் டெஸ்ட் அன்றைக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக ஓட்டியதில்லை.

செப்டம்பரில் சோஹாருக்குத் திரும்பி வந்தாள். தோசைக்கல்லில் விரல் சுட்டது, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் மார்க்கர் பேனா நழுவி நழுவி விழுகிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்துத் தருகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சட்டைப் பித்தானைக்கூட கண்ணாடி முன்னால் நின்று, பார்த்துப் பார்த்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று உதவிக்குப் போனால் முறைப்பாள்.

அக்டோபரில் வெயில் இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அவளே வளையத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே கல், அதே நாற்காலி. தங்கூஸ் அவள் விரலின்மேல் ஓடியது. சிறிது நேரத்தில் அது துடித்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? "இழு" என்றேன். இழுத்தாள், கிழங்கான் வந்தது. அடுத்ததும் நான் சொல்லித்தான். மூன்றாவது மீன் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். அவள் மீனைக் கழற்றிப் போட்டுவிட்டு, தங்கூஸை வளையத்தில் நிதானமாகச் சுற்றினாள்.

"நீங்க சொல்லி நான் இழுக்கிறதுக்கு, நீங்களே பிடிச்சிட்டுப் போகலாமே" என்றாள். "ஒரே ஒரு மீனாவது எனக்கே தெரியணும். இல்லேன்னா இது எனக்கு வேணாங்க."

வளையம், முள் டப்பா, வாளி எல்லாவற்றையும் அந்தப் பெங்காலி நண்பரிடம் கொடுத்துவிட்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். காரில் வரும்போது அவள் அழவில்லை. நான்தான் ரவுண்டானாவில் தப்பான வழியில் திரும்பி, வீட்டுக்கு வர அரை மணி நேரம் கூடுதலாகச் சுற்றினேன்.

அவளுக்கு ஒரு மீன் தெரிய வேண்டும். யாரும் சொல்லாமல், அவளுக்கே தெரிய வேண்டும். எனக்கு அது கோளாறு எண் ஒன்று என்று ஆனது. விரல் வேலை செய்யவில்லையா, சரி, விரலுக்கு வரும் சமிக்ஞையைப் பெரிதாக்குவோம். தங்கூஸுக்குப் பதில் நல்ல கோல் ஒன்று இருந்தால், மீனின் தட்டலைக் கோல் உள்ளங்கைக்கு, மணிக்கட்டுக்குக் கொண்டுவரும். எந்தக் கோல் அதிக நுட்பம் என்பதுதான் கேள்வி. இணையத்தில் நுழைந்தேன். வெளியே வர ஒரு மாதம் ஆனது. எக்செல்லில் அட்டவணை போட்டேன். எடை, நீளம், விறைப்பு, கைப்பிடி, வளையங்களின் எண்ணிக்கை. ஆலையில் ஒரு புது வால்வு வாங்குவதற்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

மஸ்கட்டில் அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். நவம்பரில் போனபோது, அவள் அங்கே ரூவி கடைத்தெருவில் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தூண்டில் கடைக்குள் நழுவினேன். கடைக்காரர் கேரளத்துக்காரர். எத்தனை கிலோ மீனுக்கு என்று கேட்டார். நூறு கிராம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. இங்கே எல்லோரும் பெரிதாகத்தான் கேட்பார்கள்போல. சூரைக்கு, வஞ்சிரத்துக்கு, சலாலாப் பக்கம் பாறையில் நின்று பெரிய பாரைக்கு. நூறு கிராம் மீனுக்கு எதற்கு சார் கோல், வலையில் அள்ளி எடுக்கலாமே என்று அவர் மலையாளம் கலந்த தமிழில் அன்பாக ஆலோசனை சொன்னார். நான் என் அட்டவணையைத் திறந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, கடையின் பின்பக்கத்திலிருந்து ஆறரை அடியில் ஒரு கார்பன் கோலைக் கொண்டுவந்தார். வைக்கோல் கனம்தான். விறைப்பு என்றால் அப்படி ஒரு விறைப்பு.

வீட்டில் அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் சோதனை நடத்தினேன். கோலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நூலின் நுனியில் ஒரு ஸ்பூனைக் கட்டி, அதைத் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கோலைப் பிடித்தபடி வாளியைக் காலால் மெல்லத் தட்டினேன். கையில் வந்தது. இன்னும் மெல்லத் தட்டினேன். அதுவும் வந்தது. மேலே குடியிருப்பவர் நாற்காலியை இழுத்தது வந்தது, வாஷிங் மெஷின் சுற்றியது வந்தது. நான் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் கருவி பார்த்தவன் செய்யக் கூடாத தப்பை அந்த மேசையில் செய்தேன். எங்கள் தொழிலில் முதல் பாடம், எந்த இடத்தில் எது பொருத்தியிருக்கிறதோ அதோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். நான் அவளுடைய கோலை என்னுடைய விரலால் சோதித்திருக்கிறேன். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கெஞ்சி அவளைக் கடலுக்கு அழைத்துப் போனேன். நான் வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கோலைப் பிடித்து உட்கார்ந்தாள். விறைத்த கோல், நுனி வளையவே இல்லை. ஆனால் நூல் தண்ணீரில் இறங்கும் இடத்தில் மூன்று முறை வெட்டி வெட்டி நின்றதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தொலைவில் நின்ற கப்பலைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரை மணி நேரம் கழித்து, "கடிச்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நூலைச் சுற்றி எடுத்தாள். முள் இரண்டும் பளபளவென்று வெறுமையாகத் தொங்கின. இறால் துண்டைக் காணோம். அவள் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கோல் பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. நான் தூண்டில் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். உண்மையில் எனக்குக் கோபம். கோல் மேல் கோபம், மருந்து மேல் கோபம், இரவெல்லாம் தேடி எக்செல் போட்ட என் மேல் கோபம். அவள் மேலும்தான். ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு பிடிவாதமா என்று. பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் கோபப்பட்டேன்.

ஜனவரியில் கனடாவிலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவன் எங்கள் ஆலையில் என்னோடு எட்டு வருடம் வேலை பார்த்த மதுரைக்காரன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் போகிற வழியில் அவனும் குடும்பத்தோடு கனடா போய்விட்டான். படத்தில், கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. நடுவில் ஒரு குட்டிக் கூடாரம். அதன் வாசலில் பஞ்சுமூட்டை கணக்காக உடுத்திக்கொண்டு அவன், கையில் ஒரு சின்னக் குச்சி. என்னடா இது, பல் குத்துகிற குச்சியா என்று கேட்டு அனுப்பினேன். உடனே வீடியோவில் கூப்பிட்டான். அந்தக் குச்சிதான் மீன் பிடிக்கும் கோல் என்றான். தரையில் இருந்த துளையைக் காட்டினான். கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன மீன்களாம், வறுத்துத் தின்ன அவ்வளவு ருசியாம். ஈயத் தலையில் முள்ளை வைத்துச் செய்த பட்டாணி அளவுத் தூண்டில், அதற்கு ஜிக் என்று பெயர், அதைத் துளைக்குள் இறக்கி மெல்ல மெல்ல ஆட்ட வேண்டுமாம். மீன் வந்து முத்தமிடுகிற மாதிரிதான் கடிக்குமாம்.

அவ்வளவு மெல்லக் கடித்தால் கைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"கைக்கா? அண்ணே, மைனஸ் இருபதுல வெரலு இருக்கா இல்லையான்னே தெரியாதுண்ணே. இங்க எவனும் கையால மீன் பிடிக்கிறதில்ல. கண்ணாலதான்."

கோலின் நுனியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினான். நூடுல்ஸ் மாதிரி அவ்வளவு மெலிசு. நுனிக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருந்தது. ஜிக்கின் எடைக்கே நுனி தலைகுனிந்து நின்றது. மீன் கீழே இழுத்தால் நுனி இன்னும் குனியும். ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மீன் மேலே எழும்பினால், எடை குறைந்து நுனி நிமிரும். குனிந்தாலும் மீன், நிமிர்ந்தாலும் மீன். மரத்துப்போன விரல்காரர்கள் சேர்ந்து தங்களுக்காகச் செய்துகொண்ட கோல்.

நான் ஃபோனைப் பிடித்தபடியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆலையில் கம்ப்ரசர் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் போவார்கள். அதனால் அங்கே ஆபத்து மணி கிடையாது. சுற்றிச் சுழலும் விளக்குதான். காது கேட்காத இடத்தில் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, விளக்கு வை என்று புதிதாக வருகிற என்ஜினீயர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் ஒரு மாதமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அப்படி ஒரு கோல் வேண்டும் என்று கேட்டிருந்தேன், அடுத்த சனிக்கிழமை அவன் தூண்டில் கடைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டான். நான் மறுபடியும் அட்டவணையோடு தயாராக இருந்தேன். 'மிக நுட்பமானது' என்று போட்டிருந்த மூன்று கோல்களின் பெயர்களைப் படித்தேன். அதெல்லாம் கைக்குச் சொல்கிற நுட்பம்ணே, நமக்கு வேண்டாம் என்றான். நுனியும் ஜிக்கும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஜிக் கனமாக இருந்தால் நுனி முழுக்கத் தொங்கிவிடும், அதற்குமேல் எதையும் காட்டாது. லேசாக இருந்தால் குனியவே குனியாது. பாதியில் நிற்க வேண்டும். இது எனக்குப் புரிந்த பாஷை. கருவியின் முள் அளவுகோலின் நடுவில் நின்றால்தான் ஏற்றமும் தெரியும், இறக்கமும் தெரியும். ஒரே ஜிக்கை ஒவ்வொரு கோலிலும் மாட்டிக் காட்டினான். முதல் கோல் அசையவில்லை. இரண்டாவது தொபுக்கென்று தொங்கிவிட்டது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஒவ்வொன்றின் நீளத்தையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்து என் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"மூணாவது" என்றாள். "அந்த நுனிதான் இங்கேர்ந்தே தெரியுது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் துணியை மடித்தாள். யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மதுரைக்காரன் மட்டும் அங்கிருந்து, அக்காவுக்கு இருக்கிற கண்ணு உங்களுக்கு இல்லண்ணே என்றான்.

ஒரு பொருளை நாடு விட்டு நாடு வரவழைக்க இங்கே எங்களுக்கு ஒரே வழிதான். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது. வருகிறவர் பெட்டியில் இடம் இருக்கிறதா, நீளம் அடங்குமா என்று கேட்பது. மஸ்கட்டில் மகனைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பதியின் பெட்டியில், மூலைக்கு மூலை குறுக்காக வைத்து, கம்பளிச் சால்வையில் சுற்றிக் கோல் வந்து சேர்ந்தது. ரூவியில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் வாங்கிக்கொண்டேன். நான் அதுவரை அந்தக் கோலைப் பற்றிக் கவலைப்பட்டதெல்லாம் பெட்டிக்குள் அடங்குமா என்பது ஒன்றுதான். குட்டையாக இருக்கிறதே, அடங்கிவிடும் என்று மகிழ்ந்தேன். ஏன் குட்டையாக இருக்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வளைகுடாக்காரனுக்குப் பெட்டிதான் முழக்கோல்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை வழக்கமான கல்லுக்குப் போகலாம் என்றேன். அவள் கோலைக் கையில் எடுத்து நுனியை ஆட்டிப் பார்த்தாள். "இதை எறிய முடியாதுங்க. கிணத்துல வாளி விடற மாதிரி நேரா கீழதான் விடணும்" என்றாள். கரையில் நின்றால் காலடியில் முழங்கால் ஆழம்கூட இல்லை. பனிக்கட்டியில் துளை போட்டு நேர் கீழே இறக்குவதற்காகச் செய்த கோல் குட்டையாகத்தான் இருக்கும் என்பது எக்செல்லில் எந்தக் கட்டத்திலும் இல்லை. நான் அசடு வழிய நின்றேன். அவள் யோசித்துவிட்டு, மீன்பிடித் துறையில் படகுகள் கட்டும் சுவருக்குப் போகலாம், அங்கே தண்ணீர் ஆழம், அலையும் இல்லை, படகுகள் காற்றை மறைக்கும் என்றாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே போனோம். வெயில் இதமாக இருந்தது. இரண்டு படகுகளுக்கு நடுவில் கட்டில் அகலத்துக்கு ஓர் இடம், தண்ணீர் பச்சையாக அசையாமல் நின்றது. ஓராவின் முதுகு முள் குத்தினால் விஷம், குத்தியதே அவளுக்குத் தெரியாது என்று பயந்து தோட்டக் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தேன். மாட்டிக்கொண்டாள். கனடாக்காரன் மாதிரி இருக்கிறாய் என்றேன். சிரித்தாள். ஜிக்கில் இறால் துணுக்கைக் குத்தி இறக்கினாள். ஆரஞ்சு நுனி பாதி குனிந்து நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

ஃபிளாஸ்க்கில் டீ இருக்கிறதே என்றேன். "கடையில போய்க் குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

போனேன். துறையின் வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு கரக் டீ குடித்தேன். அங்கிருந்து அவள் தெரியவில்லை, படகின் முன்பக்கம் மறைத்தது. இன்னொரு டீ குடித்தேன். நான்கு மாதம் இதற்காகவே அலைந்தவனை அந்த நேரத்தில் துரத்திவிட்டாளே என்று வருத்தமாக இருந்தது. ஒன்றும் கிடைக்காமல் வெறும் முள்ளோடு உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் எப்படியோ ஓட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

புது வாளிக்குள் இரண்டு மீன் கிடந்தன. ஒரு கிழங்கான், ஒரு சின்ன ஓரா. முதல் மீன் வந்ததை நான் பார்க்கவில்லை. இனி எப்போதும் பார்க்கப் போவதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், உட்கார் என்று கையால் காட்டினாள். உட்கார்ந்தேன். நுனி பாதி குனிந்து நின்றது. மெல்ல ஆட்டினாள், நிறுத்தினாள். குனிந்திருந்த நுனி, யாரோ அடியிலிருந்து தாங்கிப் பிடித்ததுபோல், சத்தமில்லாமல் நிமிர்ந்தது. என் வாய் திறந்தது. சொல் வெளியே வருவதற்குள் அவள் கை தூக்கிவிட்டது. கிழங்கான் வெள்ளையாகத் துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"மேல தூக்கிட்டு வந்தான் பாத்தீங்களா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கடல் காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அங்கே காற்றே இல்லை.

ஐந்து மீனோடு கிளம்பினோம். வறுவலுக்கு என்ன மசாலா என்று பேசிக்கொண்டே காரில் ஏறினோம். நான் வண்டியைக் கிளப்பி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் இடது கையுறையைக் கழற்றினாள். கையை எங்கள் இருவருக்கும் நடுவில், உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்தாள்.

"கையப் பிடிக்கிறத எப்ப நிறுத்தினீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றாள். "தொட்டாத்தான் தெரியாது. தொடாதது தெரியுங்க. கண்ணு இருக்குல்ல."

ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறால் நாற்றம் அடித்தது. அவள் அழுத்தவில்லை, நான்தான் அழுத்தினேன். ரவுண்டானா வரும்வரை அவள் சாலையைப் பார்க்கவில்லை. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.